பக்கத்தில் நின்று எடுத்த படங்கள்

அந்தப் படத்தைத் தான் எடுக்கவில்லை என்பது படக்காரி அம்பதுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கண்காட்சிக் கூடத்தில் இருந்த வேறு யாருக்கும் தெரியவில்லை. வினையே அங்கேதான் இருந்தது.

மற்ற படங்களெல்லாம் ஜன்னல் கதவளவு. இது மட்டும் ஆளுயரம். கடைசிச் சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு, தனி விளக்கு வேறு போட்டுக்கொண்டு நின்றது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை. மடியில் விக். கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் அம்பதின் சொந்த அக்கா. கீழே சின்ன அட்டையில் அம்பதின் பெயர் இருந்தது.

படம் அழகாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அழகாக இல்லாமல் தொலைந்திருந்தால் அதன் முன்னால் இத்தனை பேர் கூடியிருக்க மாட்டார்கள்.

அம்பதுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அட்டையில் போடுவதற்குத்தான் அது பயன்பட்டது. கேமராக்காரர்கள் பை நிறைய லென்ஸ் சுமந்து தோள்பட்டை இறங்கித் திரிகிற காலத்தில், இவள் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு அதைக் கழற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அந்த லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டாது. முகம் பெரிதாக வேண்டுமா, எழுந்து நடந்து கிட்டே போக வேண்டும். ஆள் முழுசாகத் தெரிய வேண்டுமா, பின்னால் நகர வேண்டும்; நகரும்போது பின்னால் சாக்கடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை பார்க்காமல் நகர்ந்து, செருப்பைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கும் லென்ஸை மாற்றவில்லை. அப்படித்தான் அம்பது என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பிடிவாதத்துக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஐம்பதில் ஒரு முகத்தை எடுக்க வேண்டுமென்றால் அந்த முகத்தோடு பேசுகிற தூரத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு கிட்டே போய் நிற்கிற ஆளைப் பிடிக்கவில்லையென்றால், “போம்மா அந்தப் பக்கம்” என்று சொல்லிவிடலாம். சொன்னால் போய்விடுவாள். சொல்லாதவர்களைத்தான் எடுப்பாள். வாய்விட்டு அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. போய் நிற்பதுதான் கேட்பது.

சலவைக்கூடத்துக்காரர்கள் அவளை உள்ளே விட்டதும் இதனால்தான். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துத் தருகிற பெரிய கூடம் அது. சுவரோரம் ஆளே நுழைந்துவிடக்கூடிய வட்ட வாய் இயந்திரங்கள். நடுவில் மேல்விரிப்புகளை விழுங்கித் தட்டையாகத் துப்புகிற உருளைகள். எந்த நேரமும் நீராவி. அக்கா அங்கே உருளை மேடையில் வேலை செய்தாள். தங்கச்சி ஒரு வருஷத்துக்கு வந்து போய் படம் எடுக்கட்டும் என்று சூப்பர்வைசரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

முதல் வாரம் எல்லோரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். துணி மடிக்கிற பெண்களில் குண்டூசி என்று ஒருத்தி. ஒல்லி உடம்பு, குத்தலான வாய். “இன்னும் கொஞ்சம் கிட்ட வாம்மா, என் மூக்குக்குள்ளயே வந்து எடு” என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. அம்பது பக்கத்தில் வந்தால் எடுக்கிறாள் என்று அர்த்தம். தள்ளி நின்றால் நாம் பாட்டுக்கு ரவிக்கையைச் சரிசெய்யலாம், மூக்கைச் சிந்தலாம், சூப்பர்வைசரைக் கரித்துக்கொட்டலாம். அங்கிருந்து எடுத்தால் எறும்பளவுதானே வருவோம். அந்த நிம்மதியில் அவளை மறந்தே போனார்கள். ஒரு படக்காரிக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அந்த வருஷத்தின் நடுவில்தான் அக்காவுக்கு நோய் வந்தது. மருந்து ஏறியது, முடி கொட்டியது, விக் வந்தது. சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்த நாட்களுக்கு என்னென்னவோ சாக்குச் சொல்லி லீவு போட்டாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தங்கைக்கு மட்டும் சொன்னாள்.

“ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. எல்லாரும் என்னை நோயாளின்னு பாக்க ஆரம்பிச்சா, நான் நோயாளி ஆயிடுவேன். உன்கிட்ட மட்டும் சொல்றேன். உன்னோட வெச்சுக்கோ.”

நீராவிக்குள் விக்கோடு எட்டு மணி நேரம் நிற்பது என்றால் என்னவென்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். மதியச் சாப்பாட்டு வேளையில் அக்கா மொட்டை மாடிக்குப் போய், தொட்டி மறைவில் அந்தச் சனியனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவாள். அந்த மாடிக்கு அம்பது கேமராவோடு ஒரு நாளும் போனதில்லை. அங்கே போய் நிற்பதே கேட்பதாகிவிடும். அக்காவிடம் அதைக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது அந்த மாடி ஆளுயரத்துக்குச் சுவரில் இருந்தது.

திறப்பு விழாவுக்குச் சலவைக்கூடமே திரண்டு வந்திருந்தது. அவரவர் படத்துக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே வந்தவர்கள் கடைசிச் சுவரில் வந்து அப்படியே நின்றார்கள்.  படத்தைப் பார்த்தார்கள், திரும்பி அக்காவின் தலைமுடியைப் பார்த்தார்கள், பார்த்தது தப்பு என்று தோன்றி மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

அதே நேரம் பார்த்துக் கண்காட்சிக் கூடத்தின் பொறுப்பாளரம்மா மைக்கைப் பிடித்தாள். “இங்க இருக்கிற ஒரு படம்கூட மறைஞ்சிருந்து எடுத்தது கிடையாது. எல்லாமே ஒரே லென்ஸ். எல்லாமே பேசுற தூரத்துல நின்னு எடுத்தது. நம்பிக்கைதான் இந்தப் படங்களோட வெளிச்சம்.” கைதட்டல் எழுந்தது. அம்பதுக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

“அக்கா... இது நீங்களா?” என்றாள் குண்டூசி. அவள் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

அக்கா விக்கின் ஓரத்தை ஒருமுறை காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தங்கையிடம் வந்தாள்.

“கண்ணை மூடிட்டிருந்தேன்ல. அதான் நீ வந்தது தெரியல” என்றாள். “நல்லா வந்திருக்கு.”

“அக்கா, நான்...”

அக்கா வாசலுக்குப் போய்விட்டாள். கூடத்தில் கைதட்டல் இன்னும் முடிந்திருக்கவில்லை.

அம்பது கணவனைத் தேடிக்கொண்டு போனாள். வேறு யாரையும் தேட அவளுக்குத் தோன்றவில்லை. அவன் விசேஷ வீடுகளுக்குப் படம் எடுப்பவன், தொழிலில் கெட்டிக்காரன். அவனிடம் ஒரு நீள லென்ஸ் உண்டு. வீட்டில் அதற்குப் பீரங்கி என்று பெயர். மேடையில் இருப்பவரின் கண்ணீரைக் கடைசி வரிசையில் நின்று எடுத்துவிடலாம். இந்தக் கண்காட்சிக்குப் படங்களை அச்சிட்டது, சட்டம் போட்டது, சுவரில் மாட்டியது எல்லாம் அவன்தான். “நீ கடைசி நேரத்துல பாத்தா பதறுவே, திறப்பன்னிக்கு வந்து பாரு” என்று சொல்லியிருந்தான். நமக்காக இவ்வளவு பாடுபடுகிறானே என்று அம்பது உருகிப் போயிருந்தாள். 

காலிப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் அவன் யாருக்கோ போனில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் போனை வைத்தான்.

“பீரங்கியா?” என்றாள்.

மறுப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான். “பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டியே!”

“எங்கேர்ந்து?”

“எதிர்ல அடுக்குமாடி கார் பார்க்கிங் இருக்கில்ல, அதோட மேல் தளம். என்னா வெளிச்சம் தெரியுமா அன்னிக்கு!”

“அது எங்கக்கா.”

“தெரியாமலா எடுத்தேன்? இங்க பாரு, கோவப்படாம கேளு. உன் படம் எல்லாமே நல்ல படம். ஆனா எல்லாரும் உன்னைப் பாத்து சிரிக்கிறாங்க, முறைக்கிறாங்க, ஏதோ சொல்ல வர்றாங்க. ஏன்னா நீ பக்கத்துல நிக்கிற. ஒரு மனுஷி தனியா இருக்கறப்ப எப்படி இருப்பான்னு உன் ஐம்பதுக்குத் தெரியவே தெரியாது. வரிசையா பாத்துட்டு வர்றவங்களுக்கு ஒரு இடத்துல நெஞ்சை அடைக்கணும். அந்த ஒரு படம் உன்கிட்ட இல்ல. நான் எடுத்துக் குடுத்தேன்.”

அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அது அவளை இன்னும் ஆத்திரப்படுத்தியது.

“என் பேரை ஏன் போட்டீங்க?”

“பின்ன என் பேரையா போடுவேன்? உனக்காகத்தானே பண்ணினேன்! ஒரு பைசாவுக்கு ஆசைப்பட்டேனா, பேருக்கு ஆசைப்பட்டேனா?”

அவன் முகத்தில் குற்ற உணர்வின் சுவடே இல்லை. பரிசு கொடுத்தவன், பிரித்துப் பார்த்தவளுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று குழம்புகிற முகம். முதுகில் குத்தியவன் கத்தியை மறைத்துக்கொண்டாலாவது சண்டை போடலாம். இவன் கத்திக்கு அழகான உறை போட்டுக் கையில் கொடுத்துவிட்டு நின்றான். ஒரு வருஷம் சலவைக்கூடத்தில் வியர்த்து நடந்து அவள் சேர்த்ததை எல்லாம் ஒரே மத்தியானத்தில் காலி செய்திருந்தான். அதுகூட அவனுக்குப் புரியவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் அந்தப் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பொறுப்பாளரம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “இது நான் எடுத்தது இல்ல” என்றாள் அம்பது. சலவைக்கூடத்துக்காரர்கள் அதற்குள் படியிறங்கிப் போயிருந்தார்கள்.

அன்று முழுக்க அக்கா போனை எடுக்கவில்லை. மறுநாள் மதியம் அம்பது கேமராவை எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தின் சின்னப் பிரதி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். நான் எடுக்கவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. கண்ணால் காட்ட வேண்டும். காட்ட முடியும். அந்த ஒரு தைரியத்தில்தான் போனாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. இயந்திரங்கள் மட்டும் சுற்றின. மடிப்பு மேடையில் குண்டூசியும் இன்னொருத்தியும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிக்கப் போனவர்கள், அவள் கிட்டே வந்ததும் கையை உயர்த்தினார்கள். விரிப்பு திரைபோல முகத்தை மறைத்துக்கொண்டு எழுந்தது. அவள் கடந்து போகிறவரை இறங்கவில்லை. தோளில் தொங்கிய கேமராவின் எடை அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மாடியில் அக்கா அதே இடத்தில், அதே வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒன்றுமில்லை. மடியிலும் ஒன்றுமில்லை. விக்கைக் கொண்டுவரவே இல்லை.

“இனிமே எதுக்கு?” என்றாள் அக்கா, கேட்காத கேள்விக்குப் பதிலாக. “காலையில வந்ததுமே சூப்பர்வைசர் நாற்காலி போட்டுக் குடுத்தார். உக்காந்துகிட்டே செய்ங்கம்மான்னார். ஒருத்தி வீட்லேர்ந்து ஜூஸ் கொண்டாந்தா. பேசறப்போ எல்லாரும் குரலை எறக்கிப் பேசறாங்க. அம்மாவுக்கு யாரோ போன் பண்ணிட்டாங்க. ராத்திரியெல்லாம் ஒரே அழுகை.”

“அக்கா, அதை நான் எடுக்கல.”

“உன் பேரு இருந்துச்சு.”

“இருந்துச்சு. நான் எடுக்கல. நீ ஒரு தடவை இதுல பாரு. அப்புறம் என்னை அடி, திட்டு, என்ன வேணா பண்ணு.”

கேமராவை அக்காவின் கையில் திணித்துவிட்டு, தான் போய் வாளிமேல் உட்கார்ந்தாள். எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னாள். அக்கா வேண்டாவெறுப்பாகக் கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

“நான் எவ்வளவு பெருசா தெரியறேன்?”

“சின்னதா இருக்கே.”

“அந்தப் படத்துல நீ இருந்த அளவுக்கு நான் வரணும். கிட்ட வா. இன்னும் வா.”

அக்கா கிட்டே வந்தாள். வந்துகொண்டே இருந்தாள். கடைசியில் நின்றபோது, கையை நீட்டினால் தங்கையின் முழங்காலைத் தொடலாம்.

“இப்ப எனக்குப் பின்னால தொட்டி எப்படித் தெரியுது?”

“தள்ளி இருக்கு. குட்டியா இருக்கு.”

அம்பது பையிலிருந்து சின்னப் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். அதில் தொட்டிகள் அக்காவின் தலைக்குப் பின்னால் சுவர்போல முட்டிக்கொண்டு நின்றன. அதற்கும் அப்பால் எங்கேயோ தெருக்கோடியில் இருக்கிற கட்டடம்கூடத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

“தூரத்துல நின்னு இழுத்து எடுத்தா எல்லாம் இப்படித்தான் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கும். என் லென்ஸ்ல வராது. நான் எடுத்திருந்தா உன் முட்டியில இடிச்சுக்கிட்டு நின்னிருக்கணும். கண்ணை மூடியிருந்தாலும் உனக்குத் தெரியாம போயிருக்குமா?”

அக்கா பிரதியைப் பார்த்தாள். கேமராவை மறுபடி கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு கேமராவை இறக்கினாள். முந்தின நாளிலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

“நீ வரவே இல்ல” என்றாள்.

“வரவே இல்லக்கா.”

“ராத்திரி பூரா அதைத்தான் நெனச்சிட்டிருந்தேன். பூனை மாதிரி வந்து, எடுத்துட்டு, பூனை மாதிரி போயிட்டாளேன்னு. பெத்தவ அழுததுகூட எனக்குப் பெருசாப் படலடி. நீ அப்படி வந்திருப்பேன்னு நெனைக்கத்தான் முடியல.” அக்கா அவள் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அம்பதுக்கு ஒரு நாள் பூராவும் அடக்கி வைத்த அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. லென்ஸ் அவளைக் காப்பாற்றிவிட்டது.

“அப்ப யாரு?” என்றாள் அக்கா, அவள் தலையைத் தடவியபடியே.

“அவர்தான். அதோ, அங்கேர்ந்து.”

எதிரே கார் பார்க்கிங்கின் மேல் தளம் வெயிலில் காய்ந்தது. அக்கா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“அங்கேர்ந்து பாத்தா இந்தத் தெருவே தெரியுமே. எத்தனை மாடி, எத்தனை ஜன்னல். இந்தத் தொட்டி மறைவுல, இந்த நேரத்துக்கு, நான் வந்து விக்கைக் கழட்டுவேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

அம்பதுக்கு அப்போதுதான் அந்தக் காலை ஞாபகம் வந்தது. 

அக்கா நோயைச் சொன்ன மறுநாள் காலை அது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கணவன் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தான். அவளால் தாங்க முடியவில்லை. கட்டினவன்தானே, அவனிடம் சொல்வது யாரிடமும் சொன்னதில் சேராது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நோய், விக், மொட்டை மாடி, தொட்டி மறைவு, சாப்பாட்டு வேளை. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தேற்றினான். சொன்னதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. லேசானதால் சொன்னதே மறந்து போய்விட்டது. நேற்றுப் பின்னறையில் அவ்வளவு ஆத்திரப்பட்டபோதுகூட ஞாபகம் வரவில்லை.

“உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றாள் அக்கா.

“அவர் வேற ஆளுன்னு நெனைக்கலக்கா.”

“எனக்கு வேற ஆளுதானே.”

அக்கா இரண்டு கைகளையும் விலக்கிக்கொண்டாள். அம்பது எழுந்து அவள் பக்கம் போனாள். பழக்கதோஷம், எதுவானாலும் கிட்டே போய் நின்றால் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அக்கா பின்னால் நகர்ந்தாள். அவள் இன்னொரு அடி வைத்தாள். அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

“அவராவது அவ்ளோ தூரத்துல நின்னு எடுத்தார். நீ என் மடியில உக்காந்து கேட்டுட்டுப் போய் குடுத்தே.” அக்காவின் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. “கிட்ட வராதே. அங்கேயே நில்லு.”

கீழே சாப்பாட்டு வேளை முடிந்த மணி அடித்தது. அக்கா கேமராவைக் கவிழ்த்த வாளிமேல் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு படியிறங்கிப் போனாள். அம்பது சொன்ன இடத்திலேயே நின்றாள்.